விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்தபின் பிரெஞ்சுக் குறி எழுத்துகளும் தமிழும் அடிப்பது எப்படி?

கேள்வி, 24 அக்டோபர் 2025

வீட்டில் பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10 இருந்தது. இந்த மாதம் 14ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட இந்த மெஷினுக்குத் தகுதி இல்லை என்று வருகிறது. கடையில் கொடுத்து உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு வாங்கினேன். நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். வீட்டுப்பாடமெல்லாம் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 0233, 0232, 0231 என்று எண் தட்டித்தான் எழுதுவேன். இங்கே அப்படித் தட்டினால் ஒன்றும் வரவில்லை. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன், அதுவும் சரியில்லை. 'பக்கம்' என்று அடித்தால் இரண்டு ககரமும் புள்ளியே இல்லாமல் நிற்கின்றன. 'லினக்ஸ்ல இதெல்லாம் இவ்ளோதான் சார்' என்கிறார் கடைக்காரர். நிஜமா? திரும்ப விண்டோஸுக்கே போய்விடலாமா?

24 அக்டோபர் 2025, மாலை

நிஜமில்லை. இரண்டும் வரும். பழகிவிட்டால் முன்பைவிடச் சுலபமாகவே வரும்.

நான் திருவல்லிக்கேணியில் மெய்ப்புப் பார்க்கிற ஆள். தமிழ் உரை, நடுநடுவே பிரெஞ்சு மேற்கோள், பின்னிணைப்பில் குறி போட்ட ரோமன் எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் என்று மூன்றும் ஒரே பக்கத்தில் வரும் வேலைகள் என்னிடம் வரும். நானும் விண்டோஸிலிருந்து வந்தவன்தான். அதனால் உங்கள் கை எங்கே போய்த் தடுக்குகிறது என்று தெரிகிறது.

முதலில் பிரெஞ்சு. ஆல்ட் பிடித்து எண் தட்டுவது விண்டோஸின் வழக்கம். விண்டோஸ் கூடவே அதுவும் போய்விட்டது. இதற்கு நேர் மாற்று என்று தேடினால் கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்தின் எண்ணைத் தட்டும் வழி ஒன்று அகப்படும். ஆனால் அங்கே எண்கள் 16இன் அடிமானத்தில் கேட்கப்படும். உங்கள் 233 அங்கே 'இ9' ஆகிவிடும், ஏனென்றால் 14 முறை 16, அதோடு 9; அந்த 14ஐ அங்கே ஆங்கில 'இ'யால் எழுதுவார்கள். மனப்பாடம் செய்ததையெல்லாம் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கம்போஸ் விசை என்று ஒன்று உண்டு. அமைப்புகள், விசைப்பலகை, அதில் சிறப்பு எழுத்துகள் பகுதி. அங்கே கம்போஸ் விசை அணைந்திருக்கும். அதை இயக்கி, வலது கன்ட்ரோலை அதற்குக் கொடுங்கள். இனி வலது கன்ட்ரோலைத் தட்டி விட்டுவிடுங்கள், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிறகு ஒற்றை மேற்கோள் குறி, பிறகு ஆங்கில 'இ'. தலையில் வலப்பக்கம் ஏறும் கோட்டோடு 'இ' வந்துவிடும். இடப்பக்கம் ஏறும் கோட்டுக்கு எண் 1க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த குறி. கூரைக்கு 6இன் மேலே இருக்கும் கூரைக் குறி. இரு புள்ளிக்கு இரட்டை மேற்கோள். 'சி'யின் கீழே வால் வேண்டுமா, காற்புள்ளி, பிறகு 'சி'. 'ஓ'வும் 'இ'யும் ஒட்டிய எழுத்துக்கு இரண்டையும் அப்படியே அடுத்தடுத்து.

எண் எதுவும் இல்லை. எழுத்து பார்க்க எப்படி இருக்கிறதோ அதைக் கைக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

25 அக்டோபர் 2025

இனித் தமிழ். நேற்றே எழுதியிருப்பேன், கையில் அவசர மெய்ப்பு இருந்தது.

உங்கள் தமிழ்99 கெட்டுப்போகவில்லை. பட்டியலில் தமிழ்99 இரண்டு இடத்தில் இருக்கும். நீங்கள் எடுத்தது 'தமிழ்நெட் 99' என்று பெயர் போட்டது. அது ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டும் அறிந்த விசைப்பலகை. முன்னால் எந்த எழுத்து வந்தது என்று அது திரும்பிப் பார்க்காது. தமிழ்99இன் அழகே திரும்பிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழ வேண்டும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அப்படியே. 'பக்கம்', 'தங்கம்', 'கன்று' என்று கை ஓடுவது இதனால்தான்.

உங்களுக்கு வேண்டியது மற்றது. ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவுங்கள், உபுண்டுவின் களஞ்சியத்திலேயே கிடைக்கும். நிறுவியபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். இப்போது பட்டியலில் தமிழ் என்று தேடினால் எம்17என் என்று பின்னொட்டு போட்ட தமிழ்99 தெரியும். அதைச் சேர்த்து, பழையதை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் விசையும் இடவெளிப் பட்டையும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். இது மட்டும் அங்கே இருந்தபடியே.

25 அக்டோபர் 2025, இரவு

வெளியேறி வராமல் 'வரவில்லையே' என்று கேட்டவருக்கு: வெளியேறி வாருங்கள்.

28 அக்டோபர் 2025

கம்போஸ் எதற்கு, 'சர்வதேச' ஆங்கில விசைப்பலகையைப் போட்டால் போதுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விண்டோஸில் அதைப் பயன்படுத்தியவர்கள் நிறையப் பேர். அதில் ஒற்றை மேற்கோளை அடித்தால் திரையில் ஒன்றும் வராது, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். 'இ' அடித்தால் குறியோடு 'இ' வரும்.

லினக்ஸிலும் அதே பெயரில் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு எழுதுகிறவர் முதல் நாளே இடறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸில் ஒற்றை மேற்கோளும் 'சி'யும் அடித்தால் வால் வைத்த 'சி' வரும். லினக்ஸில் அதே இரண்டையும் அடித்தால் தலையில் கோடு வைத்த 'சி' வரும், போலிஷ் மொழியில் வருவது. லினக்ஸ் தன் அட்டவணைப்படி ஒழுங்காகத்தான் நடக்கிறது: கோடும் 'சி'யும் கேட்டீர்கள், கோடு போட்ட 'சி'யைக் கொடுத்தது. ஆனால் 'பிரெஞ்சு' என்ற சொல்லையே பிரெஞ்சில் எழுத அந்த வால் வேண்டுமே. பிரேசில்காரர்களும் இதைப் பற்றி வருடக்கணக்கில் முறையிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, நாள் முழுக்க ஆங்கிலம் அடிக்கும்போது வெறும் மேற்கோள் குறி வேண்டுமென்றாலும் இடவெளிப் பட்டையைத் தட்ட வேண்டும். மெய்ப்பு வேலையில் அது தாங்காது. கம்போஸ், நாம் கூப்பிட்டால் மட்டும் வரும். அதனால் என் வாக்கு கம்போஸுக்கு.

2 நவம்பர் 2025

மேலே சொன்ன, அடித்தால் ஒன்றும் நகராமல் காத்திருக்கும் விசைக்கு 'செத்த விசை' என்று பெயர். கேட்டதும் ஒருவர் சிரித்திருக்கிறார். தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்கு அது தினசரிப் புழக்கம். தட்டச்சுப் பொறியில் சில விசைகளைத் தட்டினால் காகிதம் தாங்கிய உருளை நகராது. குறி விழும், இடம் மாறாது. அடுத்துத் தட்டும் எழுத்து அந்தக் குறியின் கீழேயே போய் உட்காரும். பிரெஞ்சுப் பொறியில் கூரைக்கும் இரு புள்ளிக்கும் இப்படித்தான். தமிழ்ப் பொறியில் மெய்யின் புள்ளிக்கு இப்படித்தான்: முதலில் புள்ளி, பிறகு எழுத்து.

நான் லோயர் படித்தது மயிலாப்பூரில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில். காலை ஏழு மணி வகுப்பு. ஜன்னல் ஓரத்துப் பொறிக்குப் போட்டி இருக்கும். 'க்' வேண்டுமென்றால் புள்ளியை முன்னால் அடி என்று மாஸ்டர் விரலைப் பிடித்துக் காட்டுவார். எழுதும்போது நாம் புள்ளியைப் பின்னால்தான் வைக்கிறோம். பொறிக்காகக் கை வரிசையை மாற்றிக்கொண்டது. பிறகு கணினி வந்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 வந்தபோது, வரிசை மறுபடி நாம் சொல்லும்படி ஆயிற்று. மெய் முதலில், உயிர் பிறகு. புள்ளியைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சென்னையில் பழைய டி.டி.பி. ஆட்கள் பலர் இன்னும் தட்டச்சுப் பொறி வரிசையிலேயே அடிக்கிறார்கள், அதுவும் பயங்கர வேகத்தில். அவர்களை மாறச் சொல்ல எனக்கு மனமில்லை. எம்17என் தொகுப்பில் தட்டச்சுப்பொறி வரிசையும் இருக்கிறது, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் வரிசையும் இருக்கிறது. ஆங்கில ஒலியில் அடிப்பவர்களுக்கு ஃபொனெட்டிக் உண்டு. விண்டோஸில் அழகி, என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ் மென்பொருள்களில் பழகிய கைகளுக்கு இந்த ஃபொனெட்டிக்கில் ஓரிரு எழுத்து இடம் மாறியிருக்கும், ஒரு வாரம் பொறுக்க வேண்டும். கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருள் லினக்ஸிலும் வருகிறது, அதையும் பார்க்கலாம்.

3 நவம்பர் 2025

மேக் வைத்திருப்பவர் கேட்டதற்கு. உங்களுக்கு வேலை குறைவு. ஆப்ஷனையும் 'இ'யையும் சேர்த்துத் தட்டி விட்டு, பிறகு எழுத்தைத் தட்டினால் வலக்கோடு. ஆப்ஷனும் 'சி'யும் சேர்ந்தால் வால். 2011இல் வந்த லயன் என்ற மேக் பதிப்பிலிருந்து, எழுத்தை அழுத்திப் பிடித்தாலே மேலே ஒரு சிறு பட்டியல் வருகிறது, எண்ணைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒரு கடிதத்துக்கு அது போதும், ஒரு புத்தகத்துக்கு மெதுவு. தமிழுக்கு அஞ்சல் என்ற விசைப்பலகையும் தமிழ்99உம் உள்ளேயே இருக்கின்றன, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். முத்து நெடுமாறனின் உழைப்பு அது.

9 நவம்பர் 2025

கேள்வி கேட்டவர் இன்னொன்று அனுப்பியிருக்கிறார். அவருடைய அப்பா 2001 வாக்கில் எழுதிவைத்த கட்டுரைக் கோப்புகள் பழைய வட்டில் இருக்கின்றன. உபுண்டுவில் திறந்தால் முழுக்கப் பிரெஞ்சு, ஸ்பானிஷ் குறி எழுத்துகளாகத் தெரிகிறதாம். 'நான் கம்போஸ் போட்டதால் இப்படி ஆகிவிட்டதா?' என்று பதறியிருக்கிறார்.

இல்லை. ஆனால் கேள்வி பிரமாதமானது. குறி எழுத்தும் தமிழும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போட்ட காலம் ஒன்று இருந்தது, அதன் தடயம் அது.

எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் ஓர் எழுத்துருவுக்கு 256 இடம்தான். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மேல் பாதியில் ஐரோப்பிய மொழிகளின் குறி எழுத்துகள். தமிழர்கள் திஸ்கி போன்ற குறியாக்கங்களில் அந்த மேல் பாதியைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டார்கள். எண் அதே, எழுத்துரு மட்டும் வேறு. திஸ்கியில் 250ஆம் இடம் 'ழ்'. அதே 250 ஐரோப்பிய எழுத்துருவில் கோடு போட்ட 'யு'. 241 நமக்கு 'ண்', ஸ்பானிஷ்காரருக்குத் தலையில் அலை போட்ட 'என்'. 244 நமக்கு 'ப்', பிரெஞ்சில் கூரை போட்ட 'ஓ'. 251 நமக்கு 'ள்', அங்கே கூரை போட்ட 'யு'. எழுத்துருவைக் கழற்றிவிட்டால் 'தமிழ்' என்ற சொல்லின் கடைசி எழுத்து கோடு போட்ட 'யு'வாக நிற்கும்.

பிரெஞ்சும் தமிழும் கலந்த பக்கத்தை அந்தக் காலத்தில் அடுக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வரியில் எழுத்துரு மாற்றம் ஒன்று தவறினால் பிரெஞ்சுச் சொல்லுக்குள் 'ப்' வந்து உட்கார்ந்திருக்கும். மெய்ப்பில் அதைச் சிவப்பு மையால் சுழித்து அனுப்புவோம். திரும்பி வரும்போது அது சரியாகி அடுத்த வரி தமிழில் ஒன்று பிரெஞ்சாகியிருக்கும். புதுச்சேரி பற்றிய எந்த நூல் வந்தாலும் இந்தப் பாடுதான்.

இப்போது அப்பாவின் கோப்புக்கு வருவோம். அது திஸ்கியாக இருந்தால் லினக்ஸ் உங்களுக்குக் கைகொடுக்கும். ஐகான்வ் என்ற சிறு கருவி அமைப்பிலேயே இருக்கிறது, அதற்குத் திஸ்கி தெரியும். முனையத்தில், அதாவது டெர்மினலில், 'திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு' என்று கட்டளை கொடுத்தால் கோப்பு யூனிகோடாகிவிடும். நகல் எடுத்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். அது வெறும் உரைக் கோப்பாக இருக்க வேண்டும். வேர்டு கோப்பென்றால் முதலில் உள்ளிருப்பதை உரையாகச் சேமியுங்கள். கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் ஐகான்வ் உதவாது, அவற்றுக்கென்று தனி மாற்றிகள் வேண்டும். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: குப்பையாகத் தெரிவதில் குறி எழுத்துகள் நிறைய இருந்தால் திஸ்கியாகவோ டேப் என்ற இன்னொரு பழைய குறியாக்கமாகவோ இருக்கலாம். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பெரும்பாலும் பாமினி.

10 நவம்பர் 2025

மாற்றி எடுத்தாயிற்று, முதல் கட்டுரை முழுதாகப் படிக்க முடிகிறது என்று செய்தி வந்திருக்கிறது. காலையிலேயே மனம் நிறைந்துவிட்டது. மிச்சத்தையும் மாற்றி, இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

16 நவம்பர் 2025

என் பங்குக்கு இன்னும் கடினமான ஒன்று. ஆராய்ச்சி நூல்களில் தமிழ்ப் பெயரை ரோமனில் எழுதும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வழக்கத்தைப் பின்பற்றுவார்கள். நெடிலுக்குத் தலையில் கிடைக்கோடு. ட, ண, ளவுக்குக் கீழே புள்ளி. ழ, ற, னவுக்குக் கீழே கோடு. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய் நூற்பட்டியல் பார்த்தவர்களுக்கு இந்தக் குறிகள் பழக்கம்.

இவற்றை நான் விண்டோஸில் வேறொரு கோப்பில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆல்ட் எண்கள் இங்கே உதவாது, ஏனென்றால் இந்த எழுத்துகள் 255க்கு வெகு அப்பால் இருப்பவை.

கம்போஸில் தலைக்கோட்டுக்கு அடிக்கோட்டுக் குறி, பிறகு உயிரெழுத்து. கீழ்ப் புள்ளிக்கு வியப்புக் குறி, பிறகு மெய். அதாவது வியப்புக் குறியும் 'என்'னும் சேர்ந்தால் ண. முற்றுப்புள்ளியும் 'என்'னும் சேர்ந்தால் மேலே புள்ளி, அது ங. அலைக்குறியும் 'என்'னும் சேர்ந்தால் ஞ. வியப்புக் குறியின் காலில் புள்ளி இருப்பதைப் பார்த்து யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள், ஒருமுறை கவனித்தால் மறக்காது.

கீழ்க்கோடுதான் தகராறு. ழகரத்துக்குச் சுலபமான கம்போஸ் வரிசை எனக்கு அகப்படவில்லை. தமிழுக்கென்றே உள்ள எழுத்து, அதற்குத்தான் வழி இல்லை. ஆனால் நாமே எழுதிக்கொள்ளலாம். வீட்டு அடைவில், அதாவது ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் 'எக்ஸ்கம்போஸ்' என்ற கோப்பு. எக்ஸும் சியும் பெரிய எழுத்து. முதல் வரியில் அமைப்பின் சொந்த அட்டவணையை உள்ளே இழுக்கும் 'இன்க்ளூட்' கட்டளை, மேற்கோளுக்குள் சதவீதக் குறியும் பெரிய 'எல்'லும். இந்த வரியை விட்டால் பிரெஞ்சு வரிசைகள் எல்லாம் காணாமல் போகும். அதன் கீழே நம் சேர்க்கைகள், வரிக்கு ஒன்று: கம்போஸ், அடுத்து இரண்டு விசைகளின் பெயர், முக்காற்புள்ளி, மேற்கோளுக்குள் வேண்டிய எழுத்து.

நான் வைத்திருப்பது: 'இசட்'டும் 'எல்'லும் தட்டினால் ழ, 'இசட்'டும் 'ஆர்'உம் தட்டினால் ற, 'இசட்'டும் 'என்'னும் தட்டினால் ன. சேமித்தபின் திறந்திருக்கும் செயலிகளுக்கு இது தெரியாது. வெளியேறி உள்ளே வர வேண்டும், மறுபடியும் அதே மந்திரம்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கனவே இருக்கும் இரண்டெழுத்து வரிசையை முன்னால் வைத்து மூன்றெழுத்து வரிசை உண்டாக்காதீர்கள். இரண்டில் ஒன்று செத்துவிடும்.

17 நவம்பர் 2025

நேற்றைய குறிப்புக்கு எழுத்துருவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா எழுத்துருவிலும் கீழ்க்கோட்டு எழுத்துகள் இல்லை. இல்லாதபோது கணினி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், பெயரின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் தடித்தோ ஒல்லியாகவோ தெரியும். ஜென்டியம், கரிஸ் இரண்டிலும் எல்லாம் இருக்கின்றன, இரண்டும் இலவசம். தமிழுக்கு நோட்டோ. விண்டோஸின் லதா இங்கே இருக்காது, லதாவில் அடித்த பழைய கோப்பு வேறு முகத்தோடு திறக்கும். எழுத்து எதுவும் போகாது, ஆனால் பக்க எண்கள் நகரும். பொருளடக்கத்தைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

23 நவம்பர் 2025

கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. இதைப் பற்றி ஒருவர் கேட்டார்: கோடு போட்ட 'இ'யைத் தேடினால் சில இடத்தில் கிடைக்கிறது, சில இடத்தில் கிடைக்கவில்லை.

யூனிகோடில் அந்த எழுத்தை இரண்டு விதமாக வைக்கலாம். கோடும் 'இ'யும் சேர்ந்த ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், வெறும் 'இ'யும் அதன்மேல் ஏறும் தனிக் கோடுமாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. கம்போஸ் தருவது ஒன்றாகச் சேர்ந்தது. பழைய மேக்குகள் கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும், அங்கிருந்து வரும் பென்டிரைவில் இந்தச் சிக்கல் அதிகம்.

தமிழிலும் இதே கதை உண்டு. 'கொ'வில் உள்ள குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, நல்ல மென்பொருள் சமமாக நடத்தும். ஸ்ரீயும் அப்படித்தான்: ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். வடிவம் ஒன்று. ஆனால் இவை சமம் என்று யூனிகோடு சொல்லவில்லை, ஆகவே ஒன்றைத் தேடினால் மற்றது வராது. பெயரடைவு தயாரிக்கும்போது 'ஸ்ரீரங்கம்' இரண்டு இடத்தில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதில் ளகரத்தையே அடித்துவைப்பவர்களும் உண்டு. அது அசல் பிழை, மாற்ற வேண்டியது.

30 நவம்பர் 2025

அக்டோபர் 28 குறிப்பில் என் வாக்கு கம்போஸுக்கு என்றேன். என் வேலைக்கு இன்னும் அதுதான். ஆனால் கேள்வி கேட்டவர் இப்போது பக்கக் கணக்கில் பிரெஞ்சு எழுதுகிறார். பிரெஞ்சில் வலக்கோட்டு 'இ' வராத வரி அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு என்றால் கை அலுத்துவிடும். அவருக்கு வேறு ஒன்று பொருந்தும் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டியலில் 'ஆல்ட்ஜிஆர் செத்த விசைகளோடு சர்வதேச ஆங்கிலம்' என்று ஒன்று இருக்கிறது. ஆல்ட்ஜிஆர் என்பது வலது ஆல்ட்தான். அதில் மேற்கோள் குறி உயிரோடு இருக்கும், ஆங்கிலம் அடிக்க எந்தத் தடையும் இல்லை. வலது ஆல்ட்டைப் பிடித்து 'இ' தட்டினால் வலக்கோட்டு 'இ' உடனே வரும். வலது ஆல்ட்டும் காற்புள்ளியும் சேர்ந்தால் வால் வைத்த 'சி'. இடக்கோட்டுக்கு வலது ஆல்ட்டோடு சாய்ந்த குறி, பிறகு எழுத்து. மற்றதெல்லாம் கம்போஸில். கம்போஸை வலது கன்ட்ரோலில் வைக்கச் சொன்னது இதற்கும் வசதியாகப் போயிற்று, இரண்டும் மோதாது.

பிரான்ஸ் நாட்டு விசைப்பலகையையே போட்டால் என்ன என்கிறார் இன்னொருவர். அங்கே 2, 7, 9, 0 இருக்கும் இடத்தில் குறி எழுத்துகள் நேரடியாக உட்கார்ந்திருக்கும், எண் வேண்டுமென்றால் ஷிஃப்ட். ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும், இசட்டும் டபிள்யூவும் இடம் மாறியிருக்கும். பாரிஸ் போய் வேலை பார்ப்பவர் பழகட்டும். தமிழ்99உம் ஆங்கிலமும் அடிக்கும் கைக்கு மூன்றாவது ஒரு வரைபடம் எதற்கு? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்டிக்கர் தேடி அலைந்து ஒட்டினாலும் விரலுக்குத் தெரியாது.

14 டிசம்பர் 2025

அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ் என்று இருப்பவர்களுக்கு. இரண்டு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம். வின்கம்போஸ் என்ற இலவச மென்பொருள் விண்டோஸிலும் அதே கம்போஸ் விசையைக் கொண்டுவருகிறது, உங்கள் சொந்த வரிசைகளையும் அதில் சேர்க்கலாம். அலுவலகத்தில் எதையும் நிறுவ அனுமதி இல்லையென்றால் பழைய எண்கள்தான். அதுவும் வலப்பக்க எண்பலகை இருக்கும் விசைப்பலகையில்தான், பல லேப்டாப்பில் அது கிடையாது.

அங்கே தமிழுக்கு 2019 மேப் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் 10இலேயே ஃபொனெட்டிக் வந்துவிட்டது, 11இலும் இருக்கிறது.

18 ஜனவரி 2026

புத்தகக் காட்சி வேலையில் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. விட்டுப்போன இரண்டு கேள்விக்குப் பதில்.

ரூபாய்க் குறி: உள்ளீட்டுப் பட்டியலில் 'ஆங்கிலம், இந்தியா, ரூபாயோடு' எடுத்திருந்தால் வலது ஆல்ட்டும் 4உம். நம் உதயகுமார் வரைந்த குறி, 2010 ஜூலையில் அரசு ஏற்றது. வேறு விசைப்பலகையில் இருந்தால் கம்போஸ், பெரிய 'ஆர்', சமக் குறி. பழைய கணக்கேடுகளில் வரும் தமிழ் ரூபாய்க் குறி ௹, ஓம் குறி ௐ இரண்டையும் என் எக்ஸ்கம்போஸ் கோப்பில் சேர்த்துவைத்திருக்கிறேன், ஆங்கில விசைப்பலகையில் இருந்தபடியே வருகின்றன.

பள்ளியில் கொடுத்த பழைய அரசு லேப்டாப்பில் இதெல்லாம் நடக்குமா என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். நடக்கும், அம்மா. 2011இலிருந்து கொடுத்த அந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. இப்போது அதில் இருப்பது மிகப் பழைய பதிப்பாக இருக்கும், இணையத்தில் உலவ வேண்டாம். லூபுண்டு மாதிரி இலேசான புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஐபஸ்-எம்17என் நிறுவி, தமிழ்99 சேருங்கள். லூபுண்டுவில் அமைப்புத் திரைகள் உபுண்டுவைப் போல இருக்காது. விசைப்பலகை அமைப்பில் கம்போஸ் காணவில்லை என்றால், எந்தப் பதிப்பு, திரையில் என்ன தெரிகிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.